கை நடுங்கிய மாப்பிள்ளையும் ஒரு ஏர் கன்னும்

டக டக டக டக...

சாசரின் மேல் காப்பி கப் ஆடுகிற சத்தம். என்னைப் பெண் பார்க்க வந்தவரைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்தது அதுதான். தலை குனிந்து தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். கப்பை எடுத்த கை மட்டும் தெரிந்தது. அப்படி ஒரு நடுக்கம்! பாதிக் காப்பி அவருடைய வெள்ளைக் கால்சட்டையில்.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை. அப்போது தீவில், ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் இருந்தோம். அப்பா ஒரு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. சட்டை மடிப்பு கலையாமல் வேலைக்குப் போய், கலையாமல் வீடு திரும்புகிற மனிதர். மாப்பிள்ளை சேகர், கடலுக்கு அந்தப் பக்கம் பிறையில் ஒரு லோரிப் பட்டறையில் மெக்கானிக். சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து, குளித்து, பவுடர் பூசிக்கொண்டு, அவருடைய அக்காவோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

நடுக்கத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பேச்சு இருக்கிறதே...

"வேலையெல்லாம் எப்படிப் போகுது தம்பி?" என்று அப்பா மெதுவாகத்தான் கேட்டார்.

"நல்லா போகுது அங்கிள்!!"

வீடே அதிர்ந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அடுத்து என்னைப் பார்த்து, அதே சத்தத்தில், "காப்பி ரொம்ப நல்லா இருக்கு!!"

என் காப்பியை அதுவரை ஒருவரும் பாராட்டியதில்லை. பெற்ற தாயே அதைக் கழுநீர் என்பார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆமாம், அவ்வளவு சுலபமாகத்தான். சிரிக்காதீர்கள்.

அவர்கள் படி இறங்கியதும் அப்பா தீர்ப்பு சொன்னார்.

"கை நடுங்குது. கத்திப் பேசுறான். பட்டப்பகல்லயே தண்ணி! இந்தச் சம்பந்தம் வேணாம்."

நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். ஒரு தடவை பார்த்த ஆளுக்காக இவ்வளவு அழுகையா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"வாடை வந்துச்சாங்க?"

"பவுடர் வாடைதான் வந்துச்சு."

"அப்புறம் என்ன? பட்டறைக்கே போய்ப் பார்த்துட்டு வாங்க லா. குடிக்கிறவனா இருந்தா அங்கேயும்தானே குடிப்பான்?"

திங்கட்கிழமை அப்பா லீவு போட்டார். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறவர், டை கட்டிக்கொண்டு ஃபெரி ஏறினார்.

அங்கே நடந்ததை சேகர் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் வளரும், அது வேறு விஷயம்.

பட்டறையில் ஒரு பெரிய லோரி ஜாக்கில் நின்றுகொண்டிருந்ததாம். கம்ப்ரெசர் ஒரு பக்கம் இரைய, சேகர் ஏர் கன்னை இரண்டு கையாலும் தாங்கி டயர் நட்டு கழற்றிக்கொண்டிருந்தார். ஏர் கன் என்றதும் சின்னதாக நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து லோரி கன் ஒரு வயதுக் குழந்தையின் கனம் இருக்கும். காற்று உள்ளே போனதும் டர்ர்ர்ர் என்று அலறும். பிடித்தவனின் தோள் வரைக்கும் குலுக்கும்.

அப்பா நேராகப் போய் அவருடைய வாய்க்கருகே மூக்கைக் கொண்டுபோனார். ரகசியம் ஏதோ சொல்லப் போகிறார் என்று சேகர் காதைத் திருப்பினார். அப்பா சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். சேகர் மறுபடி காதைத் திருப்பினார். கடைசியில் அப்பாவுக்குக் கிடைத்தது கிரீஸ் வாடையும் காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் வாடையும்தான்.

இந்தக் கூத்தைப் பார்த்த பட்டறை முதலாளி, சீனத் தவுக்கே, டை கட்டிய அப்பாவை கன் வாங்க வந்த பெரிய கம்பெனி ஆள் என்று நினைத்துவிட்டார்.

"அங்கிள், டிரை லா!"

சேகர் கையிலிருந்த கன்னை வாங்கி அப்பாவிடமே கொடுத்துவிட்டார். ரப்பர் ஸ்டாம்பைவிடக் கனமான எதையும் தூக்கியறியாத எங்கள் அப்பா, நட்டில் வைத்து அழுத்தினாராம். டர்ர்ர்ர்! நட்டு கழன்று வந்தது. பிறகு டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த நட்டுக்குப் போனார். அதற்கடுத்து இன்னொன்று. "போதும் அங்கிள்" என்று சேகர் கெஞ்சியும் விடவில்லை. அந்தப் பக்கத்து டயர் எல்லாம் கழன்ற பிறகுதான் கன்னைக் கீழே வைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். சட்டையெல்லாம் கறுப்பு. அம்மா பதறிப்போய்க் காப்பி கொண்டுவந்து நீட்டினார்.

அப்பா கப்பை எடுத்தார். டக டக டக டக...

அம்மா பக்கத்தில் போய் அவரை முகர்ந்து பார்த்தார். "ஐயோ! அந்தப் பையனோட சேர்ந்து நீங்களும் குடிச்சிட்டு வந்திருக்கீங்களா?"

அப்பா தன் கையையே பார்த்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"கன்னுடி! ஏர் கன்னு! அவன் குடிக்கலடி! அடுத்த மாசமே கல்யாணத்த வச்சிடலாம்!!"

காது அடைத்துப் போயிருந்ததால் அப்பா கத்திய கத்தல் கீழ்மாடி வரைக்கும் போனது. நான் அடுப்படியிலிருந்து வெளியே வருவதற்குள் மக்சிக் வாசலில் நின்று "தஹ்னியா!" என்று வாழ்த்திக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு கண்டிஷன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க மாப்பிள்ளை கன்னைத் தொடக்கூடாது. தவுக்கே சரி என்றார். சேகரும் தொடவில்லை, சத்தியமாக. ஆனாலும் தாலியை எடுத்த கை நடுங்கியது. என் காதில் ரகசியமாகச் சொன்னார்...

"இது கன்னால இல்ல! பயமா இருக்கு!"

கெட்டிமேளத்தையும் மீறி முன்வரிசை மொத்தமும் சிரித்தது.

இப்போது பட்டறைப் பையன்கள் சத்தம் புகாமல் காதில் மஃப் மாட்டிக்கொண்டு, பேட்டரி கன்னை விளையாட்டுச் சாமான் மாதிரி தூக்கிக்கொண்டு போகிறார்கள். பெண் பார்ப்பதும் ஃபோனிலேயே முடிகிறது. படம் நன்றாகத் தெரிகிறது, கை மட்டும் தெரிவதில்லை. அப்பா இருந்திருந்தால் எதை முகர்ந்து பார்த்திருப்பாரோ...

சேகர் ரிட்டையர் ஆகிச் சில வருஷமாகிறது. அத்தனை வருஷக் குலுக்கலில் விரல்கள் மரத்துப் போய்விட்டன. மழை பெய்து குளிரும் காலை நேரங்களில் சட்டைப் பொத்தானைக்கூடப் பிடிக்க வராது. நான்தான் போட்டுவிடுகிறேன். கடைசிப் பொத்தான் போட்டு முடித்ததும் அவர் குனிந்து என் காதில் ரகசியமாக ஒன்று சொல்வார்.

என்ன சொல்வார் என்று இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. தெரிந்தே ஆகவேண்டும் என்றால் எங்கள் மாடியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.