அக்கா காலும் என் காலும்

என் அக்காவுக்கும் எனக்கும் இரண்டு வயது வித்தியாசம். சர்க்கரை மட்டும் இருவருக்கும் ஒரே வருடத்தில் வந்தது. அம்மாவுக்கும் இருந்தது, அப்பாவுக்கும் இருந்தது; போதாததற்கு அவர்கள் மாமன் மகளும் அத்தை மகனுமாகக் கட்டிக்கொண்டவர்கள். எங்களுக்கு வராமல் போயிருந்தால்தான் ஆச்சரியம்.

அருப்புக்கோட்டையில் நாங்கள் இருவரும் ஒரே கூடத்தில் விசைத்தறி ஓட்டுகிறோம். அவளுக்கு நான்கு தறி, எனக்கு நான்கு. நோய் வந்த நாள் முதல் அவள் வாயைக் கட்டியது போல வேறு யாரும் கட்டி நான் பார்த்ததில்லை. கல்யாணப் பந்தியில் தன் இலையில் விழுகிற இனிப்பைப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவாள். அந்தப் பக்கத்து இலை பெரும்பாலும் என்னுடையது. அவள் தினமும் விடியுமுன் நடந்துவிட்டு வருவாள். மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிட மாட்டாள். நானோ மாத்திரை போட்ட தைரியத்தில் கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தின்கிற ரகம். ஆனாலும் கால் அவளுக்குத்தான் கெட்டது.

எங்கள் ஆட்கள் தறிக்கூடத்துக்குள் செருப்புப் போட மாட்டோம். சோறு போடுகிற இடம் என்று வாசலிலேயே கழற்றிவிடுவோம். அப்படி வெறுங்காலோடு நின்றவளின் இடது காலில், தறியிலிருந்து அறுந்து விழுந்த கம்பித் துண்டு ஒன்று ஏறியிருக்கிறது. சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. தரையில் ரத்தத் தடம் பார்த்து நான்தான் சொன்னேன். ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லை. பிறகு சுண்டுவிரல் கறுத்தது. காலை எடுத்துவிடுவார்கள் என்று தெருவே பேசியது.

பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். ஒருநாள் காலையில் அவள் நொண்டிக்கொண்டே கூடத்துக்குள் வந்தபோது கத்திவிட்டேன். "எங்களுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சுத் தின்னிருக்க. இல்லாட்டி இம்புட்டுத் தூரம் முத்துமா?"

எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு; நானும் அக்காவும் எங்களுக்குள் அதில்தான் பேசுவோம். அதை மட்டும் தமிழில் சொன்னேன். தெலுங்கு தெரியாத, கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அவள் அறுந்திருந்த இழையை முடிந்துவிட்டுத் தறியை ஓட்டினாள்.

அந்த வாரமே காரியாபட்டி வழியாக மதுரைக்கு பஸ் ஏறினோம். அங்கே டாக்டரம்மா ஒருவர் அவள் காலை ஸ்கேன் செய்து பார்த்தார். முழங்காலுக்குக் கீழே ரத்தக்குழாய்கள் பல இடத்தில் சுருங்கியிருந்தன. ஆனால் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி சொல்லிவைத்தது போல் கட்டுக்குள் இருந்தது. பழைய சீட்டுகளையும் எடுத்துப் புரட்டினார், எல்லாமே அப்படித்தான். கூட வந்த எனக்கும் சர்க்கரை என்று தெரிந்ததும் என்னையும் சோதித்தார். என் அளவைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். ஆனாலும் என் காலில் ரத்தம் தங்குதடையின்றி ஓடியது. ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நொடிக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கூடப் பிறந்தவர்களானாலும் பெற்றோரிடமிருந்து வருகிற மரபணுக்கள் எல்லாருக்கும் ஒரே கலவையில் வருவதில்லையாம். சர்க்கரையை ரத்தக்குழாய் எவ்வளவு தாங்கும் என்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டாம். ஒன்றல்ல, சின்னச் சின்னதாகப் பல. சிலருக்குக் கொஞ்சம் கூடினாலே குழாய் கெடும், சிலருக்கு நெடுநாள் தாங்கும். யாருக்கு எப்படி என்று முன்கூட்டி அடித்துச் சொல்ல இன்னும் வழியில்லை என்றார். எனக்கு நூல்தான் நினைவுக்கு வந்தது. ஒரே பெட்டியில் வந்த நூல் கோன்களில் ஒன்று அறுந்துகொண்டே இருக்கும், ஒன்று கடைசிவரை ஓடும். அதற்காகத் தறியில் நிற்பவரை யாரும் திட்டுவதில்லை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "இவங்க இவ்வளவு கட்டுப்பாடா இல்லைன்னா கால் எப்பவோ போயிருக்கும். உங்க கால் நல்லா இருக்கறது உங்க சாமர்த்தியம் இல்ல. தப்பிச்சிட்டதாவும் நினைக்காதீங்க."

சுருங்கியிருந்த ரத்தக்குழாய்களை விரித்துவிட்டார்கள். இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தங்கியது. இனி எங்கேயும் வெறுங்காலோடு நிற்கக் கூடாது, தறிக்கூடத்திலும்தான் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். விரலை எடுக்கச் சம்மதித்து மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டவள், இதற்கு மட்டும் அரைமணி நேரம் வாதாடினாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு துணிப்பையோடு வேலைக்கு வந்தாள். தெருச்செருப்பை வாசலில் விட்டாள். பையிலிருந்து புதுச் செருப்பை எடுத்தாள். தெரு மண்ணே படாதது, வாரில் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. தறியைத் தொட்டுக் கும்பிட்டு, ஏதோ முணுமுணுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள். எங்கள் கூடத்துக்குள் முதன்முதலில் செருப்போடு நடந்தவள் அவள்தான். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

தறிகளின் மோட்டாரை அணைத்தேன். எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று தமிழிலேயே சொன்னேன்.

"அக்கா, நீ ஒளிச்சுத் தின்னேன்னு நான் சொன்னது பொய். தின்னதெல்லாம் நாந்தேன்."

அவள் தலையாட்டிவிட்டுப் பைக்குள் மறுபடி கைவிட்டாள். இன்னொரு ஜோடி வெளியே வந்தது, ஆம்பளைச் செருப்பு. அதன் வாரிலும் மஞ்சள் குங்குமம் இருந்தது.

"தெரியும்டா தம்பி. மொதல்ல இதக் கால்ல மாட்டு."

என் கால் அளவை எப்போது எடுத்தாளோ, தெரியவில்லை. சரியாக இருந்தது.