கிர்க்கியிலிருந்து தளேகாவ் வரை எழுதியது நான்

என் அறிக்கைகளை என் கணவர் எழுதிக் கொடுத்தார் என்று சொன்னது நீங்கள்தான். அது பொய். தெரியாமல் சொல்லிவிட்டீர்கள் என்று முதலில் விட்டுவைத்தேன். நான் விளக்கிச் சொன்ன பிறகும் சொன்னீர்கள். அதனால்தான் பொய் என்கிறேன்.

நம் தமிழ்ச் சங்கத்து மலரில் இதைப் படிக்கிறவர்களுக்கு விவரம் தெரிய வேண்டும். தொண்ணூறுகளில் புனேக்குப் பக்கத்தில் தளேகாவில் வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். உலோகவியலில் டிப்ளமா. சோதனைக்கூடத்தில் நான் ஒருத்திதான் பெண். நீங்கள் என் துறைத் தலைவர். நீங்களும் தமிழர் என்று சேர்ந்த புதிதில் சந்தோஷப்பட்டேன். அதனால் கிடைத்த லாபம், மற்றவர்கள் முன்னால் இங்கிலீஷிலும் தனியாகத் தமிழிலும் திட்டு வாங்கியதுதான்.

ஒடிந்து திரும்பி வந்த ஸ்பிரிங் ஏன் ஒடிந்தது என்று கண்டுபிடித்து எழுதுவது என் வேலை. கண்டுபிடிப்பது எனக்கு உயிர். ஒடிந்த இடத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டால் சாப்பாடு மறந்துபோகும். எழுதுவதுதான் வராது. மேஜையில் உட்கார்ந்து தாளை எடுத்ததும், வெளியே லாரி பின்னால் போகிற சத்தம், பக்கத்து மேஜையில் பேசுகிற கிரிக்கெட், காலையில் கேஸை அணைத்தேனா என்ற சந்தேகம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். ஒரு சாம்பிளை எடுத்துவர எழுந்து போவேன். வழியில் இன்னொரு சாம்பிள் கண்ணில் படும், அதை அறுக்கக் கொடுப்பேன். திரும்பி வந்தால் தாள் வெள்ளையாக இருக்கும். எதற்காக எழுந்து போனேன் என்பது மறந்திருக்கும்.

"உங்களுக்கு இஷ்டமில்லைம்மா. இஷ்டமிருந்தா தானா வரும்" என்பீர்கள். நானும் அதை நம்பினேன். எனக்கு இஷ்டமில்லை, நான் சோம்பேறி என்று முப்பது வயது வரை நம்பினேன்.

விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீடு. பஸ்ஸில் புனே ஸ்டேஷன் போய் அங்கிருந்து லோனாவ்லா லோக்கலைப் பிடிப்பேன். கிர்க்கியில் அவள் ஏறுவாள். எங்கள் தொழிற்சாலையின் டெலிபோன் ஆபரேட்டர். மூன்று தலைமுறைக்கு முன்னால் வேலூர்ப் பக்கமிருந்து ராணுவ வேலைக்கு வந்த குடும்பம். அவள் தமிழில் இந்தியும் மராத்தியும் தாராளமாகப் புழங்கும். தமிழ் எழுத்து சுமாராகப் படிப்பாள்.

ஒரு நாள் மூன்று அறிக்கைகள் பாக்கி. அன்று கொடுக்காவிட்டால் மெமோ. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் தாளை மடியில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து பையிலிருந்து வெந்தயக்கீரைக் கட்டை எடுத்து ஆய ஆரம்பித்தாள்.

"இன்னா டிப்ளமா, பேப்பரை முறைச்சா அது பயந்துக்கும்னு பாக்கிறியா?"

"எழுத வரமாட்டேங்குதுடி."

"இன்னா எழுதணும்? எனக்குச் சொல்லு."

சொன்னேன். கம்பி இழுக்கும்போதே ஒரு கீறல் விழுந்திருக்கிறது, அதிலிருந்துதான் விரிசல் ஓடியிருக்கிறது என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தேன்.

"அரே, வாயால வருது, கையால வரலையா? பிம்ப்ரி வர்றதுக்குள்ள இப்ப சொன்னியே, அத்த மட்டும் எழுது. மீதி நக்கோ, வேணாம். நானும் பிம்ப்ரிக்குள்ள இந்த மேத்தியை முடிச்சுடறேன். தோத்தவ வடாபாவ் வாங்கணும். சல்."

நான் தோற்றேன். ஆனால் பிம்ப்ரியில் என் தாளில் முக்கால் பக்கம் இருந்தது. எதிரே அவள் கை ஓடிக்கொண்டிருக்கும்போது என் கையும் ஓடியது. அவள் என் தாளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பினால் மட்டும் காலால் என் செருப்பை ஒரு தட்டுத் தட்டினாள். தளேகாவில் இறங்கும்போது ஓர் அறிக்கை முடிந்திருந்தது.

அப்படி ஐந்து வருஷம். புனேயிலிருந்து கிர்க்கி வரை நான் சும்மா வேடிக்கை பார்க்கலாம், அதற்கு அனுமதி உண்டு. அவள் ஏறியதும் பேனா. பிம்ப்ரிக்குள் வாடிக்கையாளர் சொன்ன குறை, ஆகுர்டிக்குள் சோதனையில் கண்டது, தேஹு ரோடு தாண்டுவதற்குள் காரணம், தளேகாவ் வருவதற்குள் என்ன செய்ய வேண்டும் என்பது. வண்டி எனக்காக நிற்காது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மேஜையில் ஒரு மணி நேரம் என்பது எனக்கு எல்லையில்லாத மைதானம். ரயிலில் அதை ஸ்டேஷன் ஸ்டேஷனாக அவள் வெட்டிக் கொடுத்தாள்.

தொழிற்சாலைக்குள்ளும் விடவில்லை. போர்டு அவள் கையில்தானே. பதினோரு மணிக்கு என் மேஜை டெலிபோன் இரண்டு முறை அடித்து நிற்கும். உலை சாம்பிள் எடுக்கப் போ என்று அர்த்தம். மூன்று முறை அடித்தால் எழுந்து தண்ணீர் குடித்து, வராந்தாவில் ஒரு நடை நடந்துவிட்டு வா. சாயங்காலம் எடுத்துப் பேசினால், "குடை? டிபன் டப்பா? சாவி?" என்று மூன்று வார்த்தை கேட்டு வைத்துவிடுவாள். ஐந்து வருஷத்தில் நான் ஒரு குடைகூடத் தொலைக்கவில்லை. அதற்கு முன்னால் மழைக்காலத்துக்கு இரண்டு தொலைப்பேன்.

எல்லாவற்றையும்விட ஒன்று. நான் ஏன் இப்படி என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. "சில வண்டி தள்ளினாத்தான் கிளம்பும். அதுக்கின்னா இப்ப? தள்ளறதுக்கு நான் கீறேன்" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது உங்களிடம் வருகிறேன். என் அறிக்கைகளை ஸ்பிரிங் வாங்குகிற கம்பெனிகள் பாராட்ட ஆரம்பித்தன. உங்களுக்குக் குழப்பம். பகலெல்லாம் இவள் மேஜையில் ஒரு வரி எழுதவில்லை, காலையில் முழு அறிக்கை வருகிறது, அப்படியென்றால் வீட்டில் யாரோ எழுதுகிறார்கள். இவள் கணவர் ராணுவ இலாகாவில் இருக்கிறார், இன்ஜினியராகத்தான் இருப்பார். நீங்களே கணக்குப் போட்டீர்கள்.

என் கணவர் அங்கே கிளார்க். சரித்திரத்தில் பி.ஏ. அவருக்குத் தெரிந்த ஒரே ஸ்பிரிங் பேனாவுக்குள் இருப்பது.

அந்த வருஷம் சங்கத்துப் பொங்கல் விழாவில் நீங்கள் அவர் தோளில் தட்டி, "சார், உங்க ரிப்போர்ட் ஒவ்வொண்ணும் ஏ-ஒன்" என்றீர்கள். அவர் ஒன்றும் புரியாமல், பெரிய மனிதர் ஏதோ நல்லதாகச் சொல்கிறாரே என்று, "எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்" என்று சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்து நான் கத்தியபோது, "என்ன ரிப்போர்ட்னு எனக்கென்னடி தெரியும்? சக்கரைப் பொங்கல் கையில இருந்துது, சிரிச்சேன்" என்றார். அந்தச் சிரிப்புதான் உங்களுக்கு வாக்குமூலம் ஆயிற்று.

மறுநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டீர்கள். "நான் தப்பா எடுத்துக்கலைம்மா. வீட்டுக்காரர் எழுதித் தர்றார்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. முடிஞ்சுது" என்றீர்கள். ரயிலில் எழுதுகிறேன் என்றேன். சிரித்தீர்கள். கைப்பிரதிகளை எடுத்துவந்து உங்கள் மேஜையில் பரப்பினேன். தண்டவாளம் மாறுகிற இடங்களில் எல்லாம் எழுத்து துள்ளியிருப்பதைக் காட்டினேன். வீட்டில் உட்கார்ந்து எழுதினால் எழுத்து இப்படித் துள்ளுமா என்று கேட்டேன். "உங்க கையெழுத்து கோணலா இருக்கறதுக்கு ரயில் என்னம்மா பண்ணும்?" என்றீர்கள்.

அவளை நான் கூப்பிடவில்லை. அவளாகவே வந்து கதவில் நின்றாள்.

"சார், நான் தினம் எதிர்ல உக்காந்து பாக்கறேன். அவதான் எழுதறா. வேணும்னா நாளைக்கு நீங்க வந்து பாருங்க. உங்களுக்கும் மேத்தி தர்றேன், ஆயலாம்."

"நீ போய் போர்டைப் பாரும்மா. அங்க லைன் கத்துது."

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் இரண்டு உத்தரவுகள். எந்தக் காகிதமும் கேட்டைத் தாண்டிப் போகக் கூடாது. ஊழியர் எல்லோரும் கம்பெனி பஸ்ஸில்தான் வர வேண்டும். என் பஸ் ஆளந்தி ரோடு வழி. அவளுடையது வேறு பஸ். என் பஸ்ஸில் கேசட் பாட்டும் அரட்டையும். எதிரே ஆள் இல்லை, முன்னால் இருப்பவரின் முதுகுதான். எழுத எதுவும் மடியில் இல்லை. மூன்று மாதத்தில் ஏழு அறிக்கைகள் பாக்கி விழுந்தன. "பாத்தீங்களா, வீட்டுக்குப் பேப்பர் போகலைன்னா வேலை நடக்கலை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். உங்கள் கணக்கு சரியாகிவிட்டது. என்னை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்து, சாம்பிள் அறையில் லேபிள் ஒட்டப் போட்டீர்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு வேலையை விடும்வரை லேபிள்தான் ஒட்டினேன்.

ஆபரேட்டர் வேண்டாத புது மெஷின் வந்தபோது அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் கணவனுக்குப் புசாவளுக்கு மாற்றலாகியிருந்தது. வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். "லெட்டர் போடு. பெருசா நக்கோ. கிர்க்கியிலேர்ந்து அடுத்த ஸ்டேஷன் தாபோடி போற அளவுக்குப் போட்டாப் போதும்" என்றாள்.

நான் போடவில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்லேண்டு வாங்கினேன், ஒன்றல்ல, எட்டு. எட்டிலும் அவள் விலாசத்தை எழுதினேன். உள்ளே எழுத உட்கார்ந்ததும் பால் பொங்கும், மணி அடிக்கும், நான் எழுந்துவிடுவேன். அவளுக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் அவள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் டெலிபோன் போர்டில் இருந்தவள் வீட்டில் டெலிபோன் கிடையாது. ஒரு முறை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவளே கூப்பிட்டாள். "உயிரோட கீறியா?" என்றாள். லைன் அறுந்துவிட்டது. ஒரு வருஷம் கழித்து என் கணவர் அந்த விலாசத்துக்கு எழுதினார். வீடு காலி என்று திரும்பி வந்தது.

ஜூலை மாதத்தில் தேஹு ரோட்டுக்கு அப்பால் குன்றுகள் பச்சையாகி, ஜன்னல் வழியாகச் சாரல் தாளில் விழும். "மையைக் காப்பாத்து" என்று தன் முந்தானையைத் தாளின் மேல் பிடிப்பாள். அவள் கட்டைவிரலில் கீரையின் பச்சை ஏறியிருக்கும். என் வாழ்க்கையில் நான் முழுதாக வேலை செய்தது அந்த நாற்பது நிமிஷங்களில்தான். கணவர் இருக்கிறார், மகள் இருக்கிறாள், குறை ஒன்றுமில்லை. ஆனாலும் காலையில் தூரத்தில் ரயில் கூவினால் எனக்குக் கை துடிக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு தனியாக அந்த லோக்கலில் ஏறிப் பார்த்தேன். கிர்க்கியில் எதிர்ச் சீட்டில் யாரோ ஒரு பெண் வந்து உட்கார்ந்து தூங்கிவிட்டாள். மூன்று வரி எழுதினேன். தளேகாவில் இறங்காமலே திரும்பிவிட்டேன்.

சில வருஷங்களுக்கு முன் மகளின் பள்ளியில் ஏதோ சொன்னார்கள் என்று ஒரு டாக்டரிடம் போனோம். அவர் அவளைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நான் என்னைப் பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏ.டி.எச்.டி. என்று எழுதிக் காட்டினார். கவனம் ஓரிடத்தில் நிற்காத குறைபாடு, பெரியவர்களுக்கும் உண்டாம். வேலையைச் சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள், ஒவ்வொன்றுக்கும் முடிவு நேரம் வையுங்கள், ஞாபகத்தை நம்பாமல் மணி அடிக்க வையுங்கள், நடுவில் எழுந்து நடங்கள், முடிந்தால் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றார். அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். நோயைக் கேட்டுப் பயந்துவிட்டேன் என்று அவர் நினைத்தார். இதையெல்லாம் ஒருத்தி எனக்குக் கீரை ஆய்ந்துகொண்டே செய்து கொடுத்தாள், அதை ஒரு மனிதர் இரண்டு உத்தரவில் பிடுங்கினார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்கு மாத்திரையும் கொடுத்தார். உதவுகிறது. ஆனால் மாத்திரை எதிரே வந்து உட்காராது.

இதை எழுத மகளை எதிரே உட்கார வைத்திருக்கிறேன். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தமிழ் அவளுக்குச் சரியாகப் படிக்க வராது, அதனால் என்ன எழுதுகிறேன் என்று தெரியாது. இன்று ஐந்தாவது நாள்.

பழைய கதை என்று இதை விட்டிருப்பேன். போன மாதம் நீங்கள் விடவில்லை. ஓய்வு பெற்று, சங்கத்தில் இளைஞர்களுக்கு நேரத்தை எப்படி ஆள்வது என்று வகுப்பு எடுக்கிறீர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு, ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்று உண்மையாகவே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "எங்க ஃபேக்டரில ஒரு லேடி இருந்தாங்க. அவங்களோட டைம் மேனேஜ்மென்ட் என்னன்னா, புருஷன்" என்றீர்கள். அரங்கம் சிரித்தது. என் மகளும் சிரித்தாள். நான்தான் அது என்று அவளுக்குத் தெரியாது.

எனக்கு வேலை திரும்ப வேண்டாம். வயதாகிவிட்டது. ஆனால் அவை என் அறிக்கைகள். அதற்குச் சாட்சியாக இருந்த ஒருத்தியை நான் தொலைத்துவிட்டேன். மீதி இருப்பது நீங்கள்தான். ஆகவே கேட்கிறேன், தனியாக வந்து சமாதானம் பேசாதீர்கள், என் கணவருக்குப் போன் செய்யாதீர்கள். அடுத்த வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று இதற்குப் பதில் சொல்லுங்கள்: ரயிலில் வந்து பாருங்கள் என்று அவள் உங்களைக் கூப்பிட்டாளே, ஒரே ஒரு காலை வந்து பார்க்க உங்களை எது தடுத்தது? நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் என் மகள் இருப்பாள். அவளுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.