ஒரே ஒரு தப்பு

கதிர்வேல் சார் ஜாஸ் கற்றுக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன். நாமக்கல் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் அவர் வேதியியல் ஆசிரியர், நான் கணக்கு. குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். இரண்டு வருடமாக அவருடைய சாக்ஸபோனிடமிருந்து எனக்குத் தப்பிக்க வழியில்லை.

ஜாஸில் பாட்டின் மெட்டை ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு அந்த நொடியில் மனதில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். நம் ஊரில் மனோதர்மம் என்பார்கள். சாருக்கும் அது தெரியும், ஆளைப் பிடித்து நிறுத்தி விளக்கவும் செய்வார். ஆனால் எங்கள் பள்ளியில் எதையும் மனப்பாடம் செய்யாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. மனிதர் யூடியூபில் கேட்ட மனோதர்மங்களை எல்லாம் நான்கு லாங் சைஸ் நோட்டில் சுரம் சுரமாக எழுதி வைத்தார். மொத்தம் நாற்பத்தெட்டு. காலை நாலரைக்குப் பிள்ளைகளுக்கு ஸ்டடி, இவருக்குச் சாக்ஸபோன். சனிக்கிழமை தேர்வு. அவர் மனைவி கோகிலவாணி சின்ன வயதில் பாட்டு கற்றவர். நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்து, எங்கே மாறி வாசித்தாலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். தோன்றியதை வாசித்தால் மதிப்பெண் குறையும்! இந்தக் கூத்தை வேறெந்த ஊரிலும் பார்க்க முடியாது.

சேலத்தில் யாழினி என்றொரு பெண் கீபோர்டு வாசிக்கிறார். ஏற்காடு அடிவாரத்து ஓட்டல் ஒன்றில் ஞாயிறுதோறும் ஜாஸ் வாசிக்கும் குழு அவருடையது. அதில் சாக்ஸபோன் இடம் காலியானது. ஒருநாளாவது பத்துப் பேர் முன்னால் வாசித்துவிட வேண்டும் என்பதுதான் சாரின் ஒரே ஆசை. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு ராசிபுரம் வழி பஸ்ஸில் போனார்.

நோட்டில் எழுதியதில் பதினேழாம் நம்பரை வாசித்தார். யாழினி முகம் மலர்ந்தது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மூச்சு விட்ட இடம் உட்பட அதேதான் வந்தது. யாழினி கீபோர்டில் வேகத்தைக் குறைத்து வேறு பக்கமாகக் கொண்டுபோனார். சார் நின்றுவிட்டார்.

"இது நான் படிக்கலீங்களே."

எனக்கு மானம் போனது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. "மூணே மூணு சுரம் வெச்சுக்கோங்க சார். மொதல்ல வாயில பாடுங்க, அப்பறம் வாசிங்க. தப்பு வந்தா நிறுத்தாதீங்க, அதையே திருப்பி வாசிச்சு எங்க போகுதுன்னு பாருங்க. அடுத்த மாசம் வாங்க."

சார் வீடு சேர்ந்ததும் முதல் வேலையாக ஐந்தாவது நோட்டு போட்டார். மூன்று சுரத்தை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கேட்டு என்னிடம் வந்தார். தலையில் அடித்துக்கொண்டே கணக்கைப் போட்டுக் கொடுத்தேன். அத்தனையையும் எழுதி உருப்போட்டார்.

மறுபடி சேலம் போவதற்கு முந்தைய கடைசிச் சனிக்கிழமை. சுவருக்கு அந்தப் பக்கம் தேர்வு, இந்தப் பக்கம் நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். நடுவில் விரல் பிசகி ஒரு சுரம் கோணலாக விழுந்தது. சார் நிறுத்தவில்லை. அதே கோணலை மெதுவாகத் திரும்ப வாசித்தார், இழுத்தார், கேள்வி கேட்பதுபோல் உயர்த்தித் தானே பதில் சொல்லி இறக்கினார். பத்து நொடி இருக்கும். முகத்தில் சோப்போடு அப்படியே நின்றேன். இரண்டு வருடத்தில் அந்தச் சுவர் வழியே வந்த ஒரே இசை அதுதான்.

"எத்தனை தப்பு?" என்றார் சார்.

"ஒண்ணே ஒண்ணுங்க. நாலாவது வரியில எங்கியோ போயிட்டீங்க" என்றார் கோகிலவாணி.

சார் அந்த வரியை இருபது தடவை வாசித்து அந்தத் தப்பை ஒழித்துக் கட்டினார். கதவைத் தட்டி, ஐயா, அதுதான் ஜாஸ் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விடைக்குறிப்பில் இல்லாத வழியில் கணக்குப் போட்ட பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வருடமாக நானும் வட்டம்தான் போட்டிருக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் சேலத்திலிருந்து திரும்பியவர், சாக்ஸபோன் பெட்டியை என் வாசலில் இறக்கி வைத்தார்.

"ஒரு தப்புகூட வரலீங்க சார். அப்பறமும் வேண்டாம்னுட்டாங்க. ஏனுங்க சார், எங்க மார்க் போச்சு?"

"பேப்பர் திருத்துனவங்களத்தான் கேக்கோணும்" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.