மாடியில் காய்ந்த நாதஸ்வரம்

என் பழைய இசைத்தட்டுகளைவிட, கும்பகோணத்தில் வாங்கிய புது நாதஸ்வரத் தட்டு நல்ல தடிமன். ரெக்கார்டு பிளேயரில் போட்டால் சத்தம் அடைத்துக்கொண்டு வந்தது. நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது கணவர், தட்டு வளைந்திருக்கிறது என்று தானே முடிவு செய்து, மாடியில் வற்றலோடு வெயிலில் போட்டுவிட்டார். வந்து பார்த்தால் அப்பளமாய் நெளிந்து கிடந்தது.

"நெல்லாங்க அது, காயப் போடறதுக்கு?" என்று கத்தினேன்.

"ஆறினா சரியாயிடும்" என்றார் கூசாமல்.

சக ஆசிரியை தந்த தடிமனான தட்டும் அப்படியே அடைத்தபோதுதான் புரிந்தது. ஊசியைத் தாங்கும் கையின் உயரம் மெல்லிய தட்டுகளுக்காக வைத்தது. அதன் அடியிலுள்ள திருகைத் தளர்த்திக் கையைக் கொஞ்சம் உயர்த்தினேன், கணீரென்றது. என் நாதஸ்வரத் தட்டு முதலில் வளைந்திருக்கவே இல்லை.

இப்போது தட்டு மாற்றும்போதெல்லாம், கை மட்டமாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன். நெளிந்த தட்டில் வற்றல் காய்கிறது. தினமும் அதை மாடிக்குச் சுமப்பவர் அவர்தான்.