உடைத்துக் கொடுக்கும் பட்டறை

செல்லூரில் பேயாண்டியின் லேத் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சம்மட்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போனால் போதும், வாசலுக்கு வந்துவிடலாம். காரின் பழைய பிரேக் டிஸ்க்கைக் கடைந்து சமன்படுத்திக் கொடுப்பது அவன் தொழில். பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். லேத்தில் மாட்டி, மேடு பள்ளத்தைச் சீவி, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று ஆக்கித் தருவான். ஆனால் டிஸ்க்கின் ஓரத்தில், இதற்குக் கீழே மெலியக்கூடாது என்று ஒரு கனத்தைப் பொறித்திருப்பார்கள். கடைந்தால் அதற்குக் கீழே போய்விடும் என்று தெரிந்தால் பேயாண்டி பேச மாட்டான். டிஸ்க்கை வாசல் கல்லில் வைத்துச் சம்மட்டியால் ஒரே போடு. வார்ப்பு இரும்பு, மண்சட்டியாகச் சிதறும். வண்டிக்காரன் வாயில் கைவைத்து நிற்கும்போது, துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, "புதுசு வாங்கிப் போடு" என்பான்.

நியாயம் இல்லாமல் இல்லை. ஆகாது என்று அவன் ஒதுக்கிய டிஸ்க் ஒன்று, பழைய இரும்புக் கடைக்குப் போய், பாலிஷ் போட்டுக்கொண்டு, வேறொரு காரில் ஏறி, மறுபடி அவனிடமே வந்தது. அன்றைக்கு எடுத்த சம்மட்டி அது. எடுத்தவன் கீழே வைக்கவே இல்லை, அதுதான் கோளாறு. நல்ல காரியத்தை நல்லவிதமாகச் செய்யத் தெரியாத ஜென்மம். கோச்சடைக்காரர் ஒருவர், "எம் பொருளை ஒடைக்க நீ யாருய்யா?" என்று சட்டையைப் பிடித்தார். பேயாண்டி அவரை வாசல் கல்லிலேயே சாய்த்து மூக்கை உடைத்து அனுப்பினான்.

தங்கை சோலையின் புருஷன் முத்திருளனையும் அவன் விட்டுவைக்கவில்லை. முத்திருளன் சொந்தமாக ஒரு பழைய டாக்ஸி ஓட்டுகிறவன். அதிர்ந்து பேசத் தெரியாது. டயர் வழுக்கையாக இருக்கிறது என்று டீக்கடை வாசலில், நாலு பேர் பார்க்க, பேயாண்டி அவனை ஓங்கி அறைந்தான். கையிலிருந்த டீ கிளாஸ் பறந்து போய்ச் சுவரில் உடைந்தது. "ஒன் நல்லதுக்குத்தான் மாப்ள" என்று உடனே இன்னொரு டீயும் வாங்கிக் கொடுத்தான். முத்திருளன் கன்னத்தில் ஒரு கையும் கிளாசில் ஒரு கையுமாக அதைக் குடித்து முடித்தான். பேயாண்டிக்குத் தங்கை என்றால் உயிர். அவளுக்கு ஒன்று ஆகிவிடக்கூடாது என்கிற பயம்தான் அவன் கையில் அடியாக இறங்கியது. அதெல்லாம் முத்திருளனின் கன்னத்துக்கு எப்படித் தெரியும்?

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் போன் வந்தது. திருமங்கலத்துக்கு இந்தப் பக்கம், நாலுவழிச் சாலையில், முன்னால் போன லாரி சடக்கென்று நின்றிருக்கிறது. முத்திருளன் பிரேக்கை மிதிக்க, டிஸ்க் உடைந்து தெறித்து, டாக்ஸி லாரிக்கு அடியில் போய்ச் செருகிவிட்டது. நல்லவேளை, சவாரி யாரும் இல்லை. தகரத்தை அறுத்துத்தான் ஆளை வெளியே எடுத்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே கூழாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். கண் விழித்தால்தான் மற்றதைச் சொல்ல முடியும் என்றார் டாக்டர். சோலை சுவரில் தலையை முட்டிக்கொண்டு கிடந்தாள்.

பேயாண்டி அங்கிருந்து நேராக வண்டியைப் பார்க்கப் போனான். நசுங்கிய சக்கரத்தில் பாதி டிஸ்க் ஒட்டிக்கொண்டிருந்தது. புதிதாகக் கடைந்த பளபளப்பு, கனமோ அப்பளம். லேத் கத்தி இழுத்த கோடுகளைப் பார்த்ததும் அது யார் கைவேலை என்று தெரிந்துவிட்டது. பட்டறைக்கு வந்து சம்மட்டியை எடுத்தான்.

அடுத்த தெருவில் லேத் வைத்திருப்பவன் பீமாராவ். பேயாண்டியின் முதல் அடி அவனுடைய மோட்டாரில் விழுந்தது. இரண்டாவது அடி, தடுக்க வந்த அவன் தோளில். எலும்பு முறிந்த சத்தம் வாசலில் நின்றவர்களுக்கே கேட்டது.

"எந்தங்கச்சி புருசன் காலு போச்சுடா! இம்புட்டு மெல்லிசாக் கடைஞ்சு குடுத்திருக்கியே, நீயெல்லாம் மனுசனாடா?"

பீமாராவ் இரும்புச் சீவலுக்குள் உருண்டபடி கத்தினான். "மாட்டேன்னுதாண்ணே சொன்னேன்! ஒங்க மச்சான்கிட்டயே கொண்டு போங்கன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாரு. 'அங்க போனா டிஸ்க்கையும் ஒடைப்பாரு, என்னையும் ஒடைப்பாரு. இனிமே அடி வாங்கத் தெம்பு இல்ல. புதுசு வாங்குற வரைக்கும் ஓட்டிக்கிறேன்'னாரு. கடைஞ்சது என் தப்புத்தான், கொன்னு போடுங்க. ஆனா அவர எங்கிட்ட வெரட்டிவிட்டது யாருண்ணே?"

ஓங்கிய சம்மட்டி ஓங்கியபடியே நின்றது. பக்கத்துக் கடைக்காரர்கள் பாய்ந்து அதைப் பிடுங்கினார்கள். கீழே தள்ளி முகத்திலும் விலாவிலும் மிதித்தார்கள். பேயாண்டி கையைத் தூக்கவே இல்லை. இந்த அடி போதாது என்றுதான் அவனுக்குத் தோன்றியது. அவர்கள் பீமாராவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, போலீஸ் வருவதற்குள் மாப்ளயை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று, ரத்தம் ஒழுகுகிற வாயோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

சோலை வாசலுக்கே ஓடிவந்தாள். "எங்கண்ணே போன? கண்ணு முழிச்சிட்டாருண்ணே! பொழச்சுக்குவாராம்!"

பேயாண்டி உள்ளே ஓடினான். கட்டிலுக்கு அருகே போனான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான். வாழ்நாளில் கேட்டுப் பழக்கமில்லாததால் வார்த்தை வரவில்லை. முத்திருளனின் நெற்றிக் கட்டின் மேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அதையாவது ஓட்டலாம் என்று கையைத் தூக்கினான்.

முத்திருளன், ஊசி குத்தியிருந்த கையை வெடுக்கென்று இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டான். குழாய் பிய்ந்து ரத்தம் போர்வையில் சொட்டியது.

"அடிக்காதீங்க மச்சான்... புதுசு வாங்கிப் போட்டுர்றேன் மச்சான்..."

தூக்கிய கையை எங்கே வைப்பதென்று பேயாண்டிக்குத் தெரியவில்லை. சோலை வந்து புருஷனின் கையைப் பிடித்து இறக்கினாள். ஈயை ஓட்டினாள். பிறகு, அண்ணன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீ வெளிய போண்ணே."

அவன் போனான். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் அவன் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.