ஓடையில் கை கழுவியவர்

ஆனைக்குட்டம் ஓடையில் பட்டாசு மருந்து கலப்பதைப் பற்றி என் மாணவிகள் போட்டிக்கு எழுதிய கட்டுரையை, அந்தக் கரையிலேயே ஒரு பட்டாசுத் தொழிலாளிக்கு வாசித்துக் காட்டினார்கள். அந்தம்மாவின் முழங்கை வரை அலுமினியத் தூள் மினுங்கியது. நகத்தைக்கூட விடாமல் மணலால் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

'தொழிலாளர்களே, ஓடையில் கை கழுவாதீர்கள்' என்ற வரி வந்ததும் நிமிர்ந்தார்.

"கம்பெனியில கை களுவ ஒரு கொளா கெடையாதுன்னு எழுதுனீகளா? இந்தக் கையோடயா நான் பிள்ளைக்குச் சோறூட்டணும்?"

"நான் எழுதியிருந்தேன்க்கா. டீச்சர்தான் அந்த வரிய அடிச்சிட்டாக," என்றாள் ஒருத்தி.

பரிசு கொடுப்பவர் அந்தக் கம்பெனி முதலாளி. பயந்தாங்கொள்ளி நான், சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

பக்கத்திலேயே நின்ற என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தம்மா அவளிடம் சொன்னார்: "நீ அதத் திரும்ப எழுது தாயி. டீச்சர்ட்டக் காட்டாத."