சபையில் வாசித்த புத்தகம்

பெங்களூரில் என் மகன் படித்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், பேரெடுத்த பழைய மாணவர்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டிருந்தது. அவனுடைய பழைய விலாசமான, நான் இருக்கும் குன்னத்துகால் வீட்டுக்கு அது தபாலில் வந்தது. உள்ளே அவன் படம் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது.

நல்லது எது வந்தாலும் ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து அறிவிப்பது எங்கள் சபை வழக்கம். அதனால் வேறு யாரிடமும் காட்டாமல் போதகர் கையில் கொடுத்தேன். ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்ற பெருமைதான்.

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் வரிவரியாகத் தமிழில் சொன்னார். பெரிய வேலை, விருதுகள். பிறகு, "சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து..." என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

"அப்ப முன்னால இருக்கியது ஆராக்கும்?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். சிரித்தார்கள்.

"மிச்சத்தையும் வாசியுங்க, அய்யா. அவன் எனக்க மகனாக்கும்" என்றேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டார்.

அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்து அவனைப் படிக்க வைத்தவள் நான்.

மறுநாள் அவன் போன் வந்தது.

"சுகந்தானா, அம்மா?"

"சுகமாக்கும், மக்கா."

புத்தகத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால், தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்பான். அதை நம்ப என்னால் இனி முடியாது.